லேப்டாப்பை மாட்டினால் ஈசிஎம் சாகாது

"ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கிற சாக்கெட்ல லேப்டாப்பை மாட்டிடாதீங்க சார். ஈசிஎம் அடிச்சிரும், வாரண்டியும் போயிரும்."

எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டரான ஈசிஎம் பற்றிப் பயிற்சிக்கு வருகிற மெக்கானிக்குகள் இப்படிச் சொல்கிறார்கள், கார் வாங்கிய உறவினர்கள் சொல்கிறார்கள், வாட்ஸ்அப்பில் குரல் பதிவாகவும் சுற்றுகிறது. வாகன எலெக்ட்ரானிக்ஸ் சொல்லிக் கொடுப்பதே என் பிழைப்பு. கேட்டுக் கேட்டு எனக்குப் பொறுமை போய்விட்டது. இது வெறும் அறியாமையாக இருந்தால் சிரித்துவிட்டுப் போகலாம். ஆனால் இந்தப் பயத்தால் பணம் போகிறது. செக் எஞ்சின் விளக்கு எரிந்தால் காரணம் என்னவென்று தெரிந்துகொள்ளக்கூட வண்டிக்காரர் இன்னொருவர் வாயைப் பார்த்து நிற்கிறார். அவர் சொன்னதுதான் கோளாறு, அவர் போட்டதுதான் பில்.

அந்த சாக்கெட் கம்பெனிக்காரருக்கு மட்டும் வைத்த ரகசியக் கதவு இல்லை. வெளியாட்கள் படிப்பதற்காகவே சட்டம் போட்டு வைக்கச் சொன்னது அது. வண்டிப் புகையைக் கட்டுப்படுத்த முதலில் கலிபோர்னியாவில் தொடங்கி, அமெரிக்கா முழுவதும் 1996 மாடல் கார்களிலிருந்து ஓபிடி-2 என்ற கோளாறு கண்டறியும் முறை கட்டாயமானது. ஐரோப்பாவில் பெட்ரோல் கார்களுக்கு 2001-இல் வந்தது. நம் நாட்டில் பாரத் ஸ்டேஜ் 4 விதிகளோடு 2010 ஏப்ரலில் முதல் கட்டமும், 2013 ஏப்ரலில் ஓபிடி-2-வும் வந்தன. எந்தக் கம்பெனி வண்டியாக இருந்தாலும், புகை சம்பந்தப்பட்ட கோளாறை ஒரு பொது ஸ்கேனரால் படிக்க முடிய வேண்டும் என்பதுதான் இந்த ஏற்பாட்டின் அடிப்படை. படித்தால் செத்துப்போகும் ஈசிஎம்மை எந்தக் கம்பெனியும் விற்க முடியாது.

டிரைவர் சீட்டில் உட்கார்ந்து டேஷ்போர்டுக்கு அடியில் குனிந்து பாருங்கள். மேல் பக்கம் அகலமாகவும் கீழ்ப் பக்கம் குறுகலாகவும், வரிசைக்கு எட்டாக 16 துளைகளோடு ஒரு சாக்கெட் இருக்கும். 16-ஆம் பின்னில் பேட்டரியின் 12 வோல்ட். 4-ஆம் பின் பாடி எர்த், 5-ஆம் பின் சிக்னல் எர்த். 6, 14 இரண்டும் கேன் வயர்கள்; இன்றைய கார்களில் பேச்சு நடப்பது இவற்றில்தான். கொஞ்சம் பழைய வண்டி என்றால் 7-ஆம் பின்னில் கே-லைன் என்ற ஒற்றை வயர். மாட்டுகிற கேபிளுக்கு வேண்டிய கரண்ட் பெரும்பாலும் 16-ஆம் பின்னிலிருந்து, அதுவும் ஃப்யூஸ் வழியாக வருகிறது. லேப்டாப்பிலிருந்து காருக்குள் கரண்ட் பாய்ந்து எதையோ எரித்துவிடும் என்று கற்பனை செய்பவர்கள் இந்த வயரிங்கை ஒருமுறை பார்த்தால் போதும்.

என்னதான் பேசிக்கொள்கின்றன என்பதையும் பாருங்கள். ஈஎல்எம்327 சிப் உள்ள யுஎஸ்பி கேபிளை மாட்டினால் கம்ப்யூட்டருக்கு அது சாதாரண சீரியல் போர்ட்டாகத் தெரியும். இக்னிஷனை ஆன் செய்துவிட்டு, டெர்மினலில் 01 05 என்று தட்டுங்கள். 01 என்றால் இப்போதைய அளவு வேண்டும் என்று பொருள். 05 என்பது கூலண்ட் வெப்பநிலை. ஈசிஎம் 41 05 82 என்று பதில் அனுப்புகிறது என்று வைத்துக்கொள்வோம். 41 என்றால் 01-க்கான பதில். 82 என்பது பதினாறின் அடிமானத்தில் எழுதிய எண், நம் கணக்கில் 130. அதில் 40-ஐக் கழித்தால் 90 டிகிரி செல்சியஸ். ஒரு கேள்வி, ஒரு பதில், அவ்வளவுதான். ஈசிஎம்முக்குள் ஒரு எழுத்துகூட மாறவில்லை. ஏபிஎஸ் யூனிட்டும் மீட்டர் போர்டும் ஈசிஎம்மும் வண்டி ஓடும் நேரமெல்லாம் தங்களுக்குள் கேன் வயர்களில்தான் செய்தி பரிமாறிக்கொண்டிருக்கின்றன. கேன் வயர் ஒன்றோடொன்று உரசினாலும், பேட்டரி வயரில் பட்டாலும் தாங்கும்படிதான் அதன் முனையில் இருக்கும் சிப்பையே வடிவமைக்கிறார்கள்.

அப்படியானால் ஈசிஎம் செத்த கதை எங்கிருந்து வந்தது? செத்த ஈசிஎம்களும் உண்டு. விசாரித்துப் பார்த்தால் அங்கே நடந்தது படிப்பு இல்லை, எழுத்து. பிக்கப் கூட வேண்டும், மைலேஜ் கூட வேண்டும் என்று ரீமேப் செய்யப் போவார்கள். ஈசிஎம்மின் பழைய புரோகிராமை அழித்துப் புதியதை ஏற்றும்போது இக்னிஷன் ஆனில் இருக்கும், ஃபேன் சுற்றும், பேட்டரி இறங்கிக்கொண்டே போகும். பாதியில் வோல்டேஜ் சரிந்தால் பாதி புரோகிராமோடு ஈசிஎம் நின்றுவிடும். அதனால்தான் முறையாகச் செய்பவர்கள் நிலையான வோல்டேஜ் கொடுக்கும் பவர் சப்ளையைப் பேட்டரியில் மாட்டாமல் இந்த வேலையைத் தொடவே மாட்டார்கள். மின்வாரிய மீட்டரில் ரீடிங் எடுப்பதும் வீட்டு வயரிங்கைப் பிரித்து மாற்றுவதும் ஒன்றா? இரண்டையும் குழப்பி "லேப்டாப் மாட்டினான், ஈசிஎம் போச்சு" என்று கதை கட்டிவிட்டார்கள். விஷயம் தெரிந்தவர்களே அதைத் திருத்தாமல் விடுவதுதான் எனக்கு எரிச்சல்.

வாரண்டி பயத்துக்கு வருவோம். ஈசிஎம்மில் பதிவான கோளாறு கோட் படிப்பதால் வண்டியில் எந்த மாற்றமும் நடக்காதபோது எதைக் காரணம் காட்டி வாரண்டியை மறுப்பார்கள்? ரீமேப் செய்தால் வேறு கதை. அங்கே கம்பெனி கை விரித்தால் நான் உங்களுக்காக வாதாட மாட்டேன். ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். 2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் கம்பெனிகளுக்கு மொத்தம் 2,500 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் விதித்தது. உதிரி பாகங்களையும், கோளாறு கண்டுபிடிக்கும் கருவிகளையும், டெக்னிக்கல் மேனுவல்களையும் வெளி மெக்கானிக்குகளுக்குக் கிடைக்கவிடாமல் செய்தார்கள் என்பதற்காக. வெளி மெக்கானிக்கிடம் பழுது பார்த்தார் என்ற ஒரே காரணத்துக்காக மொத்த வாரண்டியையும் ரத்து செய்யும் நிபந்தனை போடக்கூடாது என்றும் அந்த உத்தரவு சொன்னது. கம்பெனிகள் மேல்முறையீட்டுக்கும் நீதிமன்றத்துக்கும் போயின, அது தனிக் கதை. ஆனால் ஆணையம் வரைக்கும் போன இந்த விவகாரம் நம் ஊர் மெக்கானிக்குகளில் பலர் காதுக்கு வரவே இல்லை.

மாட்டிய கருவியால் ஆபத்தே இல்லையா என்றால், இருக்கிறது, வேறு இடத்தில். 16-ஆம் பின்னில் எப்போதும் கரண்ட் இருப்பதால், புளூடூத் அடாப்டரை மாட்டியபடியே வாரக்கணக்கில் வண்டியை நிறுத்தினால் பேட்டரி இறங்கும். மலிவான அடாப்டர்களின் பாஸ்வேர்டு பெரும்பாலும் 1234 தான். பக்கத்தில் நிற்கும் யாரும் இணையலாம். இன்சூரன்ஸுக்காக மாட்டிய ஒரு டாங்கிளுக்கு எஸ்எம்எஸ் அனுப்பி, மெதுவாகப் போன காரின் பிரேக்கையே கட்டுப்படுத்திக் காட்டினார்கள் கலிபோர்னியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள், 2015-இல். வேலை முடிந்ததும் கழற்றி எடுத்து வையுங்கள். ஓடும் வண்டியில் ரீடிங் பார்க்க வேண்டுமானால் லேப்டாப் பக்கத்து சீட்டில் இருப்பவர் மடியில் இருக்கட்டும்.

மற்ற தவறான நம்பிக்கைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். "கோட் வந்தால் எந்த பார்ட் போச்சென்று தெரிந்துவிடும்" என்பது தவறு. பி0171 என்றால் கலவையில் பெட்ரோல் போதவில்லை என்று பொருள். கிழிந்த வேக்கம் ஹோஸ், அழுக்கேறிய காற்று சென்சார், அடைத்த பெட்ரோல் ஃபில்டர், தளர்ந்த பம்ப், எதுவாகவும் இருக்கலாம். ஹோஸைத் தொட்டுப் பார்க்காமல் ஆக்சிஜன் சென்சாரை மாற்றுபவர் மெக்கானிக் இல்லை, பார்ட்ஸ் வியாபாரி. "கோட்டை அழித்துவிட்டால் சரியாகிவிடும்" என்பது அதைவிட மோசம். அழிக்கும்போது, கோளாறு வந்த நொடியில் எஞ்சின் என்ன வேகத்தில், என்ன வெப்பத்தில் இருந்தது என்ற பதிவும் சேர்ந்து அழிகிறது. துப்பைத் துடைத்துவிட்டுத் திருடனைத் தேடச் சொன்னால் யார் தேடுவது? சாக்கெட்டில் செருகினால் மைலேஜ் கூட்டும் என்று ஆன்லைனில் விற்கிற பிளக்குகளைப் பிரித்தால் கண்சிமிட்டும் எல்இடிகளும் ஒரு சின்ன சிப்பும்தான் இருக்கும். கேன் வயரில் பேசுவதற்கான பாகமே இருக்காது. வாங்காதீர்கள். ஏர்பேக், ஏபிஎஸ் கோட்களைப் பொது ஸ்கேனர் காட்டாததற்குக் காரணம் கேபிள் கெட்டதில்லை. பொதுவாக்கப்பட்டது புகை சம்பந்தமான பகுதி மட்டுமே. ஃபோர்டுக்கு ஃபோர்ஸ்கேன், ஃபோக்ஸ்வேகன், ஸ்கோடாவுக்கு விசிடிஎஸ் என்று தனி மென்பொருள் வேண்டும்.

அந்த மிச்சப் பகுதியும் திறக்க வேண்டும் என்பதே என் கட்சி. பழுதுபார்க்கும் உரிமைக்காக மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2022-இல் குழு அமைத்தது. மோட்டார் வாகனங்களும் அதன் பட்டியலில் இருக்கின்றன. ஒரு காரின் சர்வீஸ் மேனுவல் தெருமுனை மெக்கானிக்குக்குக் கிடைக்காதவரை ஐடிஐ-யில் எத்தனை பிள்ளைகளுக்கு ஸ்கேனர் பிடிக்கக் கற்றுக்கொடுத்தாலும் பாதி வேலைதான். மெக்கானிக் சங்கங்கள் இதைக் கோரிக்கையாக எடுக்க வேண்டும்.

வண்டிக்காரர்களுக்கு நான் கேட்பது சின்ன விஷயம். அடுத்த முறை செக் எஞ்சின் விளக்குக்காக சர்வீஸுக்கு விட்டால், எந்த கோட் வந்தது, அது வந்தபோது பதிவான அளவுகள் என்ன என்பதை அழிப்பதற்கு முன்பே ஜாப் கார்டில் எழுதித் தரச் சொல்லுங்கள். தர மாட்டேன் என்றால் சாவியை வாங்கிக்கொண்டு வேறு இடம் பாருங்கள்.