காலணியைக் கழற்றிவிட்டுப் பேசியவர்கள்

ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி, கழிவறையில் தண்ணீர் வருவதில்லை என்று எழுதி அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருந்தாள். பள்ளிப் பார்வை நெருங்கியதால் நான் அதைக் கிழித்துவிட்டேன். மறுநாள் கருத்துரிமைப் பாடம். கரும்பலகையில் தலைப்பை எழுதக் கை தயங்கியது. பாடநூலை மூடிவைத்து, 1964இல் அமெரிக்காவின் பெர்க்லியில், கலிபோர்னியா பல்கலைக்கழக வளாகத்தில் நடந்ததைச் சொன்னேன்.

வளாக நுழைவாயிலில் மாணவர்கள் மேசை போட்டு அரசியல் துண்டறிக்கை வழங்குவதையும் நிதி திரட்டுவதையும் நிர்வாகம் தடுத்தது. கறுப்பின மக்களின் உரிமைக்கு ஆதரவு திரட்டியவர்களும் இதனால் பாதிக்கப்பட்டனர். அக்டோபர் 1 அன்று, மேசையை விட்டு அகல மறுத்த முன்னாள் மாணவர் ஜாக் வெயின்பெர்க் கைதானார். அவரை ஏற்றிய போலீஸ் காரைச் சுற்றி மாணவர்கள் அமர்ந்தனர். 32 மணி நேரம் கார் நகரவில்லை. அதன் கூரையே மேடையானது. மரியோ சாவியோ காலணியைக் கழற்றிவிட்டு ஏறிப் பேசினார். டிசம்பரில் நிர்வாகக் கட்டடத்தில் அமர்ந்து போராடிய ஏறத்தாழ 800 பேர் கைதாயினர்.

டிசம்பர் 8 அன்று பேராசிரியர்கள் கூடி வாக்களித்தனர். 824 பேர் ஆதரவு, 115 பேர் எதிர்ப்பு. பேசும் நேரம், இடம், முறையை ஒழுங்குபடுத்தலாம். பேச்சின் உள்ளடக்கத்தைக் கட்டுப்படுத்தக் கூடாது என்பதே தீர்மானத்தின் சாரம்.

செயல்பாடு: மாணவர்கள் குழுவாக அமர்ந்து அறிவிப்புப் பலகைக்கு விதிகள் எழுத வேண்டும். ஒவ்வொரு விதியும் நேரம், இடம், முறை பற்றியதா, கருத்தைப் பற்றியதா எனப் பிரிக்க வேண்டும். “ஒருவரை இழிவுபடுத்தக் கூடாது” என்பது எதில் சேரும்? இதில்தான் விவாதம் சூடுபிடித்தது.

“தண்ணீர் வரவில்லை என்று எழுதலாமா சார்?” என்று அந்த மாணவி கேட்டாள். எழுதலாம் என்றேன். கிழித்தது என் தவறு என்பதையும் வகுப்பிலேயே சொன்னேன்.