ஈரலுக்குப் பரவிய குடல் புற்றுநோய்: அறுவை சிகிச்சை உண்டா?



"மலத்துல ரத்தம் வந்துச்சு, மூலம்னு விட்டுட்டோம். இப்ப ஈரலுக்கே போயிடுச்சாம். இனிமே என்ன இருக்கு?" என்று சொல்லி, நோயாளியை வீட்டுக்கு அழைத்துப் போய்விடும் குடும்பங்கள் உண்டு. அவசரப்படாதீர்கள். நோய் பரவிய பிறகும் சிலருக்கு அறுவை சிகிச்சை செய்ய முடியும். அந்தச் சிலரில் உங்கள் வீட்டுக்காரரும் ஒருவரா என்று கேட்காமல் திரும்பாதீர்கள்.

ஏன் கல்லீரலுக்குப் போகிறது?

குடலிலிருந்து புறப்படும் ரத்தம் பெரும்பாலும் முதலில் கல்லீரலுக்குத்தான் போகிறது. கட்டியிலிருந்து பிரியும் நோய் அணுக்கள் அந்த ரத்தத்தோடு போய் அங்கே தங்கி வளர்கின்றன. அடுத்தபடியாக நுரையீரலுக்குப் போகலாம்.

எப்போது வெட்டி எடுக்கலாம்?

1. எல்லாக் கட்டிகளையும் மிச்சமில்லாமல் எடுக்க முடிய வேண்டும்.
2. எடுத்த பிறகு போதுமான நல்ல ஈரல் மீதி இருக்க வேண்டும்.
3. அறுவை சிகிச்சையைத் தாங்கும் உடல்பலம் வேண்டும்.

நல்ல கல்லீரலில் பாதிக்கு மேல் எடுத்தாலும் மனிதன் பிழைக்கலாம். மிச்சப் பகுதி சில மாதங்களில் பெருத்து, ஏறக்குறையப் பழைய அளவை எட்டிவிடும். குடியால் கெட்ட ஈரலுக்கு இந்தச் சக்தி குறைவு. ஆகவே குடியை இன்றே விட வேண்டும். பீடி, சிகரெட்டும் கூடாது.

கட்டி பெரிதாக இருந்தால், குளுக்கோஸ் ஏற்றுவது போல் புற்றுநோய் மருந்தை ஏற்றிச் சுருக்கிவிட்டுப் பிறகு வெட்டுவார்கள். குடலையும் ஈரலையும் ஒரே நாளில் செய்வதும் உண்டு. இரண்டு தடவையாகச் செய்வதும் உண்டு. சிலருக்கு மலம் வெளியேற வயிற்றில் வழி வைத்துப் பை பொருத்துவார்கள். இது பலருக்குத் தற்காலிகம்தான்.

கத்தி பட்டால் பரவுமா?

"கத்தி வச்சா ஊரெல்லாம் பரவிடும்" என்பது வீண் பயம். நாள் கடத்துவதால்தான் நோய் பரவுகிறது.

பலன் என்ன?

உள்ளதைச் சொல்கிறோம். பரவிய நோயாளிகளில் பெரும்பாலோருக்கு இந்த அறுவை சிகிச்சை பொருந்தாது. பொருந்தி, ஈரல் கட்டி முழுதும் எடுக்கப்பட்டவர்களில் சுமார் 10 பேரில் 4 பேர் 5 ஆண்டுகளுக்கு மேல் வாழ்கிறார்கள். நோய் திரும்பவும் வரலாம். சிலருக்கு மறுபடியும் வெட்டி எடுக்கலாம். எனவே டாக்டர் சொன்ன தேதியில் பரிசோதனைக்குத் தவறாமல் போக வேண்டும். அறுவை சிகிச்சை பொருந்தாதவர்களுக்கும் மருந்தும் வலி நிவாரணமும் உண்டு.

கணவனும் மனைவியும் செய்ய வேண்டியவை

தாய்மார்களே! மலத்தில் ரத்தம் போவதை வெட்கப்பட்டு மறைக்காதீர்கள். கணவன்மார்களே! "அவளுக்கு மூலச்சூடு, மோர் குடிச்சா சரியாயிடும்" என்று தள்ளிப் போடாதீர்கள்.

மருந்து ஏற்றும் காலத்தில் கருத்தரிக்கக் கூடாது. இனியும் குழந்தை வேண்டும் என்று நினைக்கும் தம்பதியர், சிகிச்சை தொடங்கும் முன்பே டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும்.

டாக்டரிடம் இப்படிக் கேளுங்கள்: "ஐயா, ஈரல் கட்டிய எடுக்க முடியுமா? ஈரல் ஆபரேஷன் செய்யற டாக்டர்கிட்ட ஸ்கேன் படத்தைக் காட்டலாமா?" இந்த ஒரு கேள்வி உயிரைக் காக்கலாம்.

எங்கே போவது?

முதலில் அரசு மருத்துவமனைக்குப் போங்கள். அங்கிருந்து மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ, காஞ்சிபுரம் காரப்பேட்டை அறிஞர் அண்ணா புற்றுநோய் மருத்துவமனைக்கோ அனுப்புவார்கள். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் 2012 முதல் நடைமுறையில் உள்ளது. குடும்ப அட்டையையும் வருமானச் சான்றையும் கையோடு கொண்டு போங்கள். நிலத்தை அடகு வைக்கும் முன் திட்ட அலுவலரிடம் விசாரியுங்கள்.

நினைவில் வையுங்கள்: பரவியது என்றதும் பரிதவிக்க வேண்டாம். கேட்போம், தெரிவோம், காப்போம்!