பழைய லோடு வண்டிக்கு நியாய விலை

துவரம் பருப்புக்கும் எண்ணெய்க்கும் காலையில் விலை போட நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கொள்முதல், ஏற்றுக்கூலி, கழிவு, லாபம் என்று மனக்கணக்கிலேயே முடித்துவிடுகிறோம். ஆனால் கடைக்குச் சரக்கு ஏற்றிய 'குட்டி யானை'யை விற்கும் நாள் வந்தால் தடுமாறுகிறோம். ஆசைக்கு ஒரு விலை சொல்லி மாதக்கணக்கில் வண்டியை நிறுத்தி வைக்கிறோம். அல்லது அவசரத்தில் புரோக்கர் கேட்ட விலைக்குக் கொடுத்துவிடுகிறோம். இரண்டிலும் நட்டம் நமக்கே.

நாம் முதலில் செய்யும் தவறு, வாங்கிய விலையிலிருந்து கணக்கைத் தொடங்குவது. வாங்க வருபவர் நம் பழைய பில்லைப் பார்ப்பதில்லை. இன்று புது வண்டி என்ன விலை என்றுதான் பார்க்கிறார். 2025 செப்டம்பர் 22 முதல் சரக்கு வாகனங்களுக்கான ஜி.எஸ்.டி. 28 விழுக்காட்டிலிருந்து 18 ஆகக் குறைந்தது. வரிக்கு முன் 5,00,000 ரூபாய் மதிப்புள்ள வண்டி, முன்பு 6,40,000 ரூபாய். புது விகிதத்தில் 5,90,000 ரூபாய். புதியது 50,000 ரூபாய் இறங்கும்போது பழையது மட்டும் அதே விலையில் நிற்காது.

இனி கணக்கை ஓர் எடுத்துக்காட்டுடன் படிப்படியாகப் பார்ப்போம். 2019-இல் 6,40,000 ரூபாய்க்கு வாங்கி, ஆறு ஆண்டு ஓட்டிய வண்டி என்று வைத்துக்கொள்வோம். இதில் வரும் தொகைகள் விளக்கத்துக்காக மட்டுமே.

முதல் படி: சந்தை நிலவரம். அதே மாடல், அதே ஆண்டு வண்டிகள் என்ன விலைக்குக் கைமாறின என்று மெக்கானிக், புரோக்கர், அண்மையில் விற்ற வணிகர் என மூவரிடமாவது விசாரிக்க வேண்டும். விளம்பரத்தில் இருப்பது சொல்லும் விலை. நமக்கு வேண்டியது முடிந்த விலை. 2,80,000, 2,90,000, 3,00,000 என்று தெரிய வந்தால் நடுவிலுள்ள 2,90,000 ரூபாயை எடுத்துக்கொள்வோம்.

இரண்டாம் படி: கழிவு. வாங்குபவர் உடனே செலவிட வேண்டியதை நாமே முன்கூட்டிக் கழிக்க வேண்டும். இரண்டு டயர், பேட்டரிக்கு 14,000, எஃப்.சி.க்கு முன் செய்ய வேண்டிய டிங்கரிங், பெயின்ட் வேலைக்கு 16,000. ஆக 30,000 போக நியாய விலை 2,60,000 ரூபாய். நாம் ஆசையாகப் போட்ட பாட்டுப் பெட்டிக்கும் தார்ப்பாய்க்கும் தனி விலை எதிர்பார்க்க வேண்டாம். எட்டு ஆண்டு வரை எஃப்.சி. இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை. அதன் பின் ஆண்டுதோறும். ஆகவே எட்டாம் ஆண்டை நெருங்கும் வண்டியை வாங்குபவர் குறைத்தே கேட்பார்.

மூன்றாம் படி: வரி. ஜி.எஸ்.டி. பதிவுள்ளவர்கள் இதைக் கவனமாகப் படிக்க வேண்டும். வாங்கியபோது உள்ளீட்டு வரி எடுக்காமல், வருமான வரிக் கணக்கில் தேய்மானம் காட்டியிருந்தால், விற்ற விலை முழுவதற்கும் வரி இல்லை. தேய்மானம் போக நிற்கும் புத்தக மதிப்புக்கு மேல் கிடைப்பதற்கு மட்டும் 18 விழுக்காடு. ஆண்டுக்கு 15 விழுக்காடு வீதம் ஆறு ஆண்டு கழித்தால் நம் வண்டியின் புத்தக மதிப்பு 2,41,376 ரூபாய். 2,60,000-க்கு விற்றால் வித்தியாசம் 18,624. வரி ஏறக்குறைய 3,352 ரூபாய். புத்தக மதிப்புக்குக் கீழே விற்றால் வரியே இல்லை. உள்ளீட்டு வரி எடுத்திருந்தாலோ இந்தச் சலுகை கிடையாது; முழு விலைக்கும் வரி, அதாவது 46,800 ரூபாய்க்குக் குறையாமல் வரும். விலை பேசும் முன் பழைய பில்லை எடுத்து ஆடிட்டரிடம் காட்டிவிடுவது நலம்.

நான்காம் படி: சொல்லும் விலை. பேரத்துக்கு இடம் வேண்டும். ஆனால் ஆள் வராமல் ஓடும் அளவுக்கு வேண்டாம். 2,70,000 சொல்லி, 2,50,000-க்குக் கீழே இறங்குவதில்லை என்று முன்பே தீர்மானித்துக்கொள்ளலாம். நாங்கள் ஒரு முறை அதிக விலை சொல்லி நான்கு மாதம் காத்திருந்தோம். அதற்குள் இன்சூரன்ஸ் முடிந்தது, பேட்டரி இறங்கியது, கடைசியில் முதல் வாரம் கேட்ட விலையைவிடக் குறைத்தே கொடுக்க நேர்ந்தது. வண்டியிலுள்ள குறையை நாமே முதலில் சொல்லிவிட்டால் பேரமும் சீக்கிரம் முடியும்.

கடைசியாக, விலையைவிட முக்கியமான ஒன்று. பணத்தை வாங்கி, சாவியைக் கொடுத்ததும் வியாபாரம் முடிந்தது என்று எண்ணக்கூடாது. பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவரே உரிமையாளர், விபத்து இழப்பீட்டுக்கும் அவரே பொறுப்பு என்று 2018-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்த வழக்கில் வண்டி பல கை மாறியிருந்தும் பதிவிலிருந்தவரால் தப்ப முடியவில்லை. பத்தாயிரம் கூடுதலாகக் கிடைக்கிறது என்று, பெயர் மாற்றாமல் வண்டி கேட்பவரிடம் கொடுத்தால், என்றோ எங்கோ நடக்கும் விபத்துக்கு நம் கடையையே ஈடு வைத்ததாகும்.

எனவே படிவம் 29, 30-இல் கையெழுத்திட்டு நாமே ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் சேர்ப்பிக்க வேண்டும். விற்றவர் 14 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும் என்பது சட்டம். வங்கிக் கடன் முடிந்திருந்தால் படிவம் 35 கொடுத்து, ஆர்.சி.யிலுள்ள கடன் குறிப்பை முன்னதாகவே நீக்கிவிட வேண்டும். ஒப்படைத்த தேதியும் நேரமும் எழுதிய ரசீதில் இருவரும் கையெழுத்திட்டு, வாங்கியவரின் அடையாள அட்டை நகலுடன் கோப்பில் வைத்துக்கொள்ளுங்கள். பெயர் மாறிய ஆர்.சி. நகல் கைக்கு வரும் வரை விலையில் ஒரு சிறு தொகையை முன்பணமாகப் பிடித்து வைத்து, நகலைக் காட்டியதும் திருப்பித் தருவதாகப் பேசிக்கொண்டால், வாங்கியவரும் வேலையை நாள் கடத்தாமல் முடிப்பார்.