கிதாருக்கும் பேஸுக்கும் வால்வுப் பெட்டி: எதைக் கட்டுவது?

கல்வராயன் மலையடிவாரத்தில் சங்கராபுரம் போன்றதோர் ஊரில் இருந்துகொண்டு, மின்சாரக் கிதாருக்கான வால்வு ஆம்ப்ளிஃபயரைத் தம் கையாலேயே கட்டிப் பார்க்க வேண்டுமென்று ஆசைப்படுகிறவர், வால்வுகளின் பெயர்களை மனப்பாடம் செய்வதற்கு முன்னால், எதை ஊரிலேயே செய்துகொள்ளலாம், எதை வெளியிலிருந்து வருவித்தே தீர வேண்டும் என்று ஒரு கணக்குப் போட்டுக்கொள்வது உத்தமம். பாசனக் கிணறுகள் நிறைந்த இப்பிரதேசத்தில் பம்புசெட் மோட்டாருக்குக் காயில் கட்டத் தெரிந்தவர் கிடைப்பார். தகரம் வளைத்து சேசிஸ் செய்து தருபவரும் கிடைப்பார். மரப்பெட்டிக்கோ குறைவே இல்லை, கள்ளக்குறிச்சி மரச்சிற்பம் 2021-இல் புவிசார் குறியீடு பெற்றது என்பதை அன்பர்கள் அறிவார்கள். வால்வு, அவுட்புட் டிரான்ஸ்பார்மர், நல்ல கண்டன்சர் ஆகிய மூன்றுக்கும் மட்டும் சென்னை ரிச்சி தெருவையோ தபாலையோ நம்பியிருக்க வேண்டும். பெங்களூரின் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனம் 1961 முதல் ரேடியோ வால்வுகளைத் தயாரித்து நாடெங்கும் பரப்பிய காலம் கடந்துவிட்டது. இன்று புதிய வால்வுகள் பெரும்பாலும் ஸ்லோவாக்கியா, ரஷ்யா, சீனா ஆகிய தேசங்களிலிருந்தே வருகின்றன.

எத்தனை வாட்?

வாட்டை இரட்டிப்பாக்கினால் ஒலி 3 டெசிபல்தான் ஏறும். காதுக்கு இருமடங்காகத் தோன்ற வேண்டுமானால் ஏறக்குறைய பத்து மடங்கு வாட் தேவைப்படும். ஆகையால் 15 வாட்டுக்கும் 30 வாட்டுக்கும் உள்ள வித்தியாசம் பணப்பையில் தெரிகிற அளவுக்குச் செவியில் தெரிவதில்லை. மேலும், வால்வுப் பெட்டியின் விசேஷமே, அதன் சக்தியின் எல்லையை நெருங்கும்போது நாதம் திடீரென முறியாமல் மெல்ல மெல்லத் தடித்துக் கரகரப்பாவதுதான். பெரிய பெட்டியில் அந்த எல்லையைத் தொடுவதற்குள் அண்டை வீட்டார் வாசலுக்கு வந்துவிடுவார்கள்.

கிதாருக்கு மூன்று வழிகள்

முதலாவது, ஒற்றை 6வி6 வால்வு. அமெரிக்காவின் ஃபெண்டர் நிறுவனம் 1950-களில் விற்ற சாம்ப் என்னும் சிறு பெட்டி இதற்கு முன்மாதிரி: முன்னால் ஒரு 12ஏஎக்ஸ்7 (ஐரோப்பியப் பெயரில் ஈசிசி83), பின்னால் ஒரு 6வி6, ஏசியை டிசியாக்க ஒரு 5ஒய்3, ஆக மூன்றே வால்வுகள், சக்தி சுமார் 5 வாட். வால்வின் ஓய்வுநிலை மின்னோட்டத்தை நிர்ணயிக்கும் பயாஸ் தானாகவே அமைந்துகொள்வதால் சரிசெய்ய வேண்டிய திருகு ஒன்றுகூட இதில் இல்லை. மின்வரியின் உறுமல் சற்றே கேட்கும் என்பதும், டிரம்ஸுக்கு எதிரே இது ஈடுகொடுக்காது என்பதும் குறைகள். ஆனால் வீட்டுச் சாதகத்துக்குத் தாராளமாகப் போதும். மேடையில் இதன் முன்னால் ஒரு மைக் வைத்துவிட்டால் அங்கும் போதும்.

இரண்டாவது, இரட்டை இஎல்84. இங்கிலாந்தின் வாக்ஸ் ஏசி15 பெட்டியும், 1960-களின் நடுவில் வந்த மார்ஷல் 18 வாட் பெட்டியும் இந்த வம்சம். இரண்டு வால்வுகள் ஒன்றையொன்று எதிர்த்து இழுத்துத் தள்ளும் 'புஷ்-புல்' முறையில் உறுமலின் பெரும்பகுதி தனக்குள்ளேயே கழிந்துபோகிறது. மெல்லிசைக் குழுவிலோ தேவாலயப் பாடகர் குழுவிலோ வாசிப்பவருக்கு 15 முதல் 18 வாட் வரை தரும் இதுவே சரியான அளவு. நம்மூர்ப் பழைய வால்வு ரேடியோக்களில் இஎல்84 சர்வசாதாரணமாக இருந்தபடியால், வீட்டுப் பரணில் ஒன்றிரண்டு கிடைத்தாலும் ஆச்சரியமில்லை. சோதிக்காமல் மட்டும் செருகாதீர்கள். ஓயாமல் கொதிக்கும் வால்வு இது. சித்திரை வெயிலில் பெட்டியின் பின்புறம் காற்றோட்டம் அவசியம்.

மூன்றாவது, இரட்டை 6எல்6 அல்லது இஎல்34. 40 முதல் 50 வாட். ஃபெண்டர் பாஸ்மேனும், 1960-களின் தொடக்கத்தில் லண்டனில் ஜிம் மார்ஷலின் கடையில் அதைப் பார்த்துக் கட்டிய ஜேடிஎம்45-உம் புகழ்பெற்ற உதாரணங்கள். பிளேட் மின்னழுத்தம் 430 வோல்ட்டையும் தாண்டும். வால்வு மாற்றும்போதெல்லாம் பயாஸை அளந்து சரிசெய்ய வேண்டும். முதல் முயற்சியாக இதைத் தொடுவது, நீச்சல் பழகாதவன் கோமுகி அணையில் குதிப்பதற்குச் சமம்.

பழைய மைக் செட்டை மாற்றலாமா?

திருமண வீடுகளிலும் திருவிழாக்களிலும் பாடி ஓய்ந்த வால்வு ஆம்ப்ளிஃபயர் மைக் செட்காரர் ஒருவரிடம் மூலையில் கிடக்குமானால், அது மதிப்புள்ள பொருளே. அதன் டிரான்ஸ்பார்மர்கள் பழுதில்லாதிருந்தால் பாதி வேலை முடிந்தது. காய்ந்துபோன எலெக்ட்ரோலிடிக் கண்டன்சர்களையும் கசியும் பழைய கப்ளிங் கண்டன்சர்களையும் முழுவதுமாக மாற்றிவிட்டு, கிதார் பிக்கப்புக்கு ஏற்றபடி உள்ளீட்டை 1 மெகாஓம் ஆக்க வேண்டும். ஆனால் மெயின் டிரான்ஸ்பார்மரே இல்லாத 'ஏசி/டிசி' ரகப் பழைய ரேடியோவை ஒருபோதும் கிதாருக்கு மாற்றாதீர்கள்: அதன் சேசிஸ் மின்வரியோடு நேரே தொடர்புடையது, கிதாரின் தந்திகளோ கேபிளின் வலை வழியாக அந்தச் சேசிஸோடு தொடர்புடையவை. வாசிப்பவனின் விரலுக்கும் மரணத்துக்கும் இடையே அங்கே எதுவும் இல்லை.

பேஸின் கதை வேறு

இளையராஜாவின் பாடல்களில் பேஸ் கிதார் தனியொரு பாத்திரமாகவே நடமாடுவதைக் கேட்டு வளர்ந்த நம் பிள்ளைகள், அதற்கும் வால்வுப் பெட்டியே வேண்டும் என்று கேட்பது நியாயந்தான். ஆயினும் பௌதிகம் இங்கே குறுக்கே நிற்கிறது. கிதாரின் தடித்த தந்தி 82 ஹெர்ட்ஸில் அதிர்கிறது, பேஸின் தடித்த தந்தியோ 41 ஹெர்ட்ஸில். அதிர்வு பாதியானால், அதே மின்னழுத்தத்துக்கு டிரான்ஸ்பார்மரின் இரும்பு ஏந்த வேண்டிய காந்தப்பாயம் இருமடங்காகிறது. இரும்பு சிறுத்தால் சுருதி கலங்கிச் சேறாகும். பாஸ்மேன் பெயருக்கேற்ப பேஸுக்கென்றே பிறந்தது. உரக்க வாசிக்கையில் பேஸின் நாதம் அதில் உடைந்தது, அந்த உடைதலையே விரும்பிக் கிதார்க்காரர்கள் அதைத் தமதாக்கிக்கொண்டார்கள்.

பேஸுக்கு மூன்று மார்க்கங்கள் உண்டு. வீட்டுக்கும் ஒலிப்பதிவுக்கும், 1960-இல் வந்த ஆம்பெக் பி-15 போல, இரண்டு 6எல்6-உம் பின்புறம் மூடிய பெட்டியில் 15 அங்குல ஸ்பீக்கரும் இனிமையானவை. முழு மேடைக்கு வால்வுதான் வேண்டுமென்றால் 1969-இல் வந்த ஆம்பெக் எஸ்விடியைப் பாருங்கள்: 300 வாட், தலைப்பெட்டி மட்டுமே 40 கிலோவை நெருங்கும், அதை வெள்ளிமலைக் கச்சேரிக்கு மலைப்பாதை வளைவுகளில் ஏற்றிச் செல்பவரை நான் வணங்குவேன், பின்பற்ற மாட்டேன். மூன்றாவது மார்க்கம், முன்பகுதியில் ஈசிசி83 வால்வு, பின்பகுதியில் ஆயத்தமாகக் கிடைக்கும் டிரான்சிஸ்டர் பவர் போர்டு என்ற கலப்பு முறை. மேடையில் பேஸ் வாசிக்கும் அன்பருக்கு என் அபிப்பிராயத்தில் இதுவே விவேகமானது.

இரும்பில் சிக்கனம் வேண்டாம்

மெயின் டிரான்ஸ்பார்மரை உள்ளூரில் காயில் கட்டுபவரிடம் தைரியமாகக் கொடுக்கலாம். அவுட்புட் டிரான்ஸ்பார்மரைக் கொடுக்க வேண்டாம். என் முதல் பெட்டிக்கு நான் அப்படிக் கொடுத்தேன். அவர் வெகு நேர்த்தியாகவே சுற்றினார். ஆனால் ஒற்றை வால்வின் டிசி இடைவிடாமல் பாயும் காயிலுக்கு ஸ்டாம்பிங் தகடுகளுக்கிடையே சிறு இடைவெளி விட வேண்டும் என்பதையும், பிரைமரியையும் செகண்டரியையும் அடுக்கடுக்காக மாற்றி மாற்றிச் சுற்ற வேண்டும் என்பதையும் நான் அவருக்குச் சொல்லவில்லை. கீழ்த்தந்திகள் கலங்கின, மேல்தந்திகள் மங்கின, பிழை என்னுடையது. ஒற்றை 6வி6-க்குச் சுமார் 5,000 ஓம், இரட்டை இஎல்84-க்குச் சுமார் 8,000 ஓம் பிரைமரி என்று கேட்டு, ஆயத்தப் பொருளாகவே வாங்குங்கள்.

வெளிநாட்டிலிருந்து முழு 'கிட்' வருவிப்பவர், மெயின் டிரான்ஸ்பார்மர் 230 அல்லது 240 வோல்ட், 50 ஹெர்ட்ஸுக்கு உரியதா என்று முதலில் பார்க்க வேண்டும். அமெரிக்காவின் 60 ஹெர்ட்ஸுக்கென்று இரும்பை அளந்து செய்தது, மின்னழுத்தத்தை இறக்கிக் கொடுத்தாலும் இங்கே சூடேறும். வால்வின் ஹீட்டருக்கு 6.3 வோல்ட், 5.7-க்கும் 6.9-க்கும் இடையில் நின்றால் கேடில்லை. பம்புசெட்டுகள் ஒன்றாக ஓடும் வேளையில் வரி வோல்டேஜ் இறங்கும் ஊர்களில், அந்த வேளையிலும் ஒருமுறை மீட்டர் வைத்துப் பார்த்து, தேவையானால் ஸ்டெபிலைசர் சேருங்கள்.

இணைப்பு முறை

மூன்று வால்வுப் பெட்டிக்கு டேக் ஸ்டிரிப்பில் நேரடியாக ஈயம் வைப்பதே எளிது. அதற்கு மேற்பட்டவற்றுக்கு டரட் போர்டு ஒழுங்கைத் தரும். எந்தப் பாகத்தையும் பத்து வருஷம் கழித்தும் தனியே கழற்றலாம். அச்சிட்ட போர்டு வேகமாக முடியும், பிழையும் குறையும். ஆனால் வால்வு சாக்கெட்டை அதன் மேலேயே பொருத்தினால் சூட்டில் தடங்கள் உரியும்.

உயிர் காக்கும் நியமங்கள்

பிளக்கைப் பிடுங்கிய பின்பும் கண்டன்சர்களில் 300, 400 வோல்ட் தங்கியிருக்கும். அவற்றின் குறுக்கே 220 கிலோஓம், 2 வாட் ரெசிஸ்டர் ஒன்றை நிரந்தரமாக வையுங்கள். கை வைக்குமுன் மீட்டரால் அளந்து பாருங்கள். ஓடும் பெட்டியை அளக்கையில் ஒரு கை சட்டைப்பையில் இருக்கட்டும். மூன்று முனைப் பிளக்கின் எர்த்தைச் சேசிஸில் போல்ட்டு போட்டு இறுக்குங்கள். அந்த எர்த் வீட்டுச் சுவரில் உண்மையிலேயே இருக்கிறதா என்று வயர்மேனைக் கொண்டு பாருங்கள். முதல் முறை மின்சாரம் கொடுக்கும்போது, மெக்கானிக்குகள் வைத்திருக்கும் சீரிஸ் லாம்ப் போர்டில் 60 அல்லது 100 வாட் இழை பல்பின் வழியாகவே கொடுங்கள். பல்பு பிரகாசமாக எரிந்து நிலைத்தால் உள்ளே ஷார்ட் என்று அர்த்தம். ஸ்பீக்கர் இணைக்காமல் வாசித்தால் அவுட்புட் டிரான்ஸ்பார்மர் எரிந்துபோகக்கூடும்.

முடிவாக

புதியவர் ஒற்றை 6வி6-இல் தொடங்கட்டும். அது பாடிய பின், மேடை ஆசை இருந்தால் இரட்டை இஎல்84-க்குப் போகட்டும். பேஸ்காரர் கலப்பு முறையை மேற்கொள்ளட்டும். 50 வாட்டை இரண்டு பெட்டிகள் முடித்தவருக்கு விட்டுவிடுவோம். பணம் மிஞ்சினால் விலையுயர்ந்த வால்வில் போடாமல் அவுட்புட் டிரான்ஸ்பார்மரில் போடுங்கள். வால்வை ஐந்து நிமிஷத்தில் மாற்றலாம், டிரான்ஸ்பார்மரை மாற்றப் பெட்டியையே பிரிக்க வேண்டும்.