முன்னிலையில் அமைந்த ஒரு கொலைக்கதை

குற்றக்கதைப் படங்களைக் கற்றோர் பெரும்பாலும் இலக்கியத் தராசில் இட்டு நோக்குவதில்லை. எனினும், 1961இல் அமெரிக்காவில் வெளிவந்து பன்னாள் மறக்கப்பட்டுக் கிடந்த ‘பிளாஸ்ட் ஆப் சைலன்ஸ்’ என்னும் கறுப்பு வெள்ளைப் படம், தமிழ் பயில்வோர்க்கும் நல்லதோர் ஆராய்ச்சிப் பொருளாகும். ஆலன் பாரன் என்பார் இதனை இயக்கித் தலைமைப் பாத்திரத்தையும் தாமே ஏற்றார்.

கதை சிறிது. கூலிக்குக் கொலைபுரியும் பிராங்கி போனோ, கிளீவ்லாந்திலிருந்து கிறிஸ்துமஸ் காலத்தில் நியூயார்க் வருகின்றான். டிரோயானோ என்னும் கும்பல் தலைவனைக் கொல்லுதல் அவன் ஏற்ற வினை. அநாதை விடுதியில் உடன் வளர்ந்த நண்பனையும், அவன் உடன்பிறந்தாள் லோரியையும் சந்திக்கவே, உள்ளம் நெகிழ்கின்றது. வினையைக் கைவிட விழைகின்றான், ஏவியோர் இசைந்திலர். ஈற்றில் கொன்றவனும் கொல்லப்படுகின்றான்.

இக்கதைக்கு உயிராவது கூறும் முறையே. இத்தகைய படங்கள் பலவற்றில் தலைவனே ‘நான்’ எனத் தன்மையிற் கதை சொல்லுவான். ஈண்டோ, கரகரத்த குரலொன்று அவனை ‘நீ’ என முன்னிலைப்படுத்திப் பேசுகின்றது. திருக்குறளில் ‘நெஞ்சொடு கிளத்தல்’ என்றோர் அதிகாரம் உண்டு. ஆண்டுத் தனிமையுற்ற தலைவி நெஞ்சை விளிக்கின்றாள். ஈண்டு நெஞ்சே எழுந்து மனிதனை விளிப்பது போலும்! ஆயின், அஃது அவனைத் தேற்றுவதன்று. பகைமையைப் போற்றுக, தனித்தே இருக்க என்று உறுத்துவது. விருந்தினர் நடுவே அவன் முகமோ அன்பை நாடுகின்றது. குரல் ஒன்று கூற, முகம் வேறொன்று காட்டும் இம்முரணே படத்தின் சுவை.

தொடக்கம் நோக்கத்தக்கது. திரை முற்றும் இருள். குரல் அவன் பிறந்த வேதனையைக் கூறுகின்றது. சிறு ஒளிப்புள்ளி தோன்றிப் பெருகுகின்றது. அது புகைவண்டி செல்லும் சுரங்கவழியின் வாயில்! பிறப்பும் வருகையும் ஒன்றாகின்றன. இறுதியில் புயற்காற்று வீசும் சதுப்பு நிலத்தில், நீரிலே வீழ்ந்து மடிகின்றான்.

அவ்வுரையை எழுதியவர் வால்டோ சால்ட். பேசியவர் லயனல் ஸ்டாண்டர். பொதுவுடைமை ஐயத்தால் ஹாலிவுட்டில் வேலை மறுக்கப்பட்டவர் இருவரும். முன்னவர் புனைபெயரில் மறைந்தார். பின்னவர் பெயர் திரையில் இடம்பெறவேயில்லை. பெயர் மறைக்கப்பட்டோரின் குரலே, பெயரறியாத் திரளில் தனித்துத் திரிபவனை ‘நீ’ என அழைத்தது.

‘அவன் கொலைஞன்’ எனப் படர்க்கையில் தீர்ப்புரைத்தல் எளிது. ‘நீ’ என்னும் சொல்லோ கேட்போர் செவியிலும் விழுகின்றது. அன்பின்றி வளர்ந்த உள்ளம் என்னாகும் என்னும் வினாவை, அது நம்மிடமே விடுக்கின்றது.