வடிகட்டினால் உப்பு போகுமா?

"கடல்நீரை எப்படிக் குடிநீராக்குவது?" என்று ஏழாம் வகுப்பில் கேட்டால், "வடிகட்டலாம்" என்ற பதிலே முதலில் வரும். "தவறு" என்று உடனே சொல்லிவிட வேண்டாம், செய்து பார்க்கட்டும். ஒரு லிட்டர் குடிநீரில் 35 கிராம் சமையல் உப்பைக் கரைத்தால் ஏறக்குறைய கடல்நீரின் உப்புத்தன்மை வந்துவிடும். சுத்தமான துணியை நான்காக மடித்து வடிகட்டி, ஒரு துளியைச் சுவைத்துப் பார்க்கச் சொல்வோம். (ஆய்வகக் கலங்கள் வேண்டாம், வீட்டுப் பாத்திரங்களே போதும்.) கரைந்த உப்பு துணியில் தங்காது என்பதை அந்த முகச்சுளிப்பே சொல்லிவிடும்.

அடுத்து, அதே உப்புநீரை அகன்ற பேசினில் ஊற்றி, நடுவில் ஒரு சிறு டம்ளரை வைப்போம். பேசினின் வாயைப் பிளாஸ்டிக் தாளால் மூடிக் கட்டி, டம்ளருக்கு நேர் மேலே தாளின்மீது ஒரு கூழாங்கல்லை வைத்து வெயிலில் விடுவோம். மாலைக்குள் டம்ளரில் கொஞ்சம் நீர் சேரும், அது கரிக்காது. நீர் ஆவியாகி மேலே போக, உப்பு பேசினிலேயே தங்கிவிட்டது. லட்சத்தீவின் கவரத்தியில் 2005இல் தொடங்கிய நிலையமும் இதே அடிப்படையில் அமைந்ததுதான். அங்கே அடுப்பு இல்லை. அழுத்தத்தைக் குறைத்து மேல்மட்டக் கடல்நீரை ஆவியாக்கி, சுமார் 350 மீட்டர் ஆழத்துக் குளிர்நீரைக் கொண்டு அந்த ஆவியை நீராக்குகிறார்கள்.

சென்னையை அடுத்த மீஞ்சூர் (2010), நெம்மேலி (2013) நிலையங்களின் வழி வேறு. இதை விளக்க உலர்திராட்சை போதும். இரவில் ஊறவைத்த திராட்சை காலையில் உப்பியிருக்கும். நீர், தோலைக் கடந்து சர்க்கரை செறிந்த உட்பகுதிக்குள் சென்றிருக்கிறது. இதுதான் சவ்வூடு பரவல். சவ்வின் ஒருபுறம் கடல்நீரும் மறுபுறம் நன்னீரும் இருந்தால், நன்னீர்தான் கடல்நீரை நோக்கிப் போகும்! அந்தப் போக்கைத் திருப்ப, கடல்நீர்ப் பக்கம் வளிமண்டல அழுத்தத்தைப் போல் சுமார் 60 மடங்கு அழுத்தம் தர வேண்டும். லாரி டயரின் காற்றழுத்தத்தைப் போல ஏழெட்டு மடங்கு. மின்சாரம் பெரும்பாலும் இதற்கே செலவாகிறது. 1000 லிட்டர் நன்னீருக்கு 3 முதல் 4 யூனிட் என்றால், நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் தரும் நிலையத்துக்கு எவ்வளவு? கணக்குப் பாடவேளைக்கு இதைவிட நல்ல பெருக்கல் கிடைக்காது.

"பிரித்த உப்பு எங்கே போகும்?" என்று யாராவது கேட்பார்கள். கேட்காவிட்டால் நாமே கேட்போம். 100 லிட்டர் கடல்நீரில் 3500 கிராம் உப்பு. 40 லிட்டர் நன்னீராகப் பிரிந்தால் எஞ்சிய 60 லிட்டரில், லிட்டருக்கு 58 கிராம். இந்தச் செறிந்த உப்புநீர் கடலுக்கே திரும்புகிறது. கடல்நீரைவிட அடர்த்தி மிகுந்தது என்பதால், நன்கு கலக்காவிட்டால் அடித்தரையை ஒட்டியே பரவும். அடித்தரையில் என்னென்ன வாழ்கின்றன என்பதை, வகுப்பில் மீனவர் வீட்டுப் பிள்ளைகள் இருந்தால் அவர்களே பட்டியலிடட்டும்.