ஆஸ்திரேலியப் பூர்வகுடிகள் வேலைக்கு வர மாட்டார்களா?

சிட்னியிலோ மெல்பர்னிலோ நம்மவர் வீட்டு விருந்தில் பேச்சு பூர்வகுடிகள் பக்கம் திரும்பினால் போதும், பத்து நிமிஷத்தில் தீர்ப்பே எழுதிவிடுகிறோம். உழைக்க மாட்டார்கள், அரசாங்கம் அள்ளிக் கொடுக்கிறது, காசைக் கையில் கொடுத்தால் குடித்தே அழிப்பார்கள். குடியேறி ஐந்து வருஷம் ஆகாதவர்கூட அடித்துச் சொல்கிறார். இந்த நாட்டில் நாம் வாழ்கிறோம், வரி கட்டுகிறோம், ஓட்டுப் போடுகிறோம். சரிபார்க்காத பேச்சைப் பிள்ளைகள் காதில் போடக் கூடாது.

நம்பிக்கை: உழைப்பு அவர்களுக்குப் பழக்கமில்லை.

வட ஆஸ்திரேலியாவின் மாட்டுப் பண்ணைகள் பல பத்தாண்டுகள் ஓடியதே அவர்கள் உழைப்பில்தான். மந்தை ஓட்டினார்கள், குதிரை பழக்கினார்கள், வேலி போட்டார்கள். பெண்கள் முதலாளி வீட்டில் சமைத்தார்கள், துவைத்தார்கள். கூலியாகப் பல இடங்களில் கிடைத்தது மாவு, டீத்தூள், சர்க்கரை, புகையிலை, கொஞ்சம் மாட்டிறைச்சி. காசு கொடுத்த பண்ணைகளிலும் வெள்ளைத் தொழிலாளி வாங்கியதில் ஒரு சிறு பங்குதான். குயின்ஸ்லாந்தில் அந்தப் பங்கையும் அரசு அதிகாரிகள் தம் பொறுப்பில் இருந்த கணக்கில் வாங்கி வைத்துக்கொண்டார்கள். கைக்கு வராத அந்தக் கூலிக்காக நடந்த வழக்கில், 2019இல் மாநில அரசு 19 கோடி டாலர் கொடுக்க ஒப்புக்கொண்டது.

1966இல் சம ஊதியத் தீர்ப்பு வந்தது. ஆனால் பண்ணை முதலாளிகள் கேட்டபடி 1968 டிசம்பர் வரை அதைத் தள்ளிவைத்தார்கள். 1966 ஆகஸ்டில்தான் வின்சென்ட் லிங்கியாரி தலைமையில் குரிண்ஜி மக்கள் சுமார் 200 பேர் வேவ் ஹில் பண்ணையை விட்டு வெளியேறி நடந்தார்கள். முழுச் சம்பளம் கொடுக்க வேண்டிய நாள் நெருங்கியதும் பல பண்ணைகள் குடும்பம் குடும்பமாக ஆட்களை வெளியேற்றின. மாடு வளைக்க ஹெலிகாப்டரும் வந்துவிட்டது. இன்று வேலையில்லாத பல ஊர்களின் கதை அங்கேதான் தொடங்குகிறது.

நம்பிக்கை: பூர்வகுடி என்றாலே தனிப்பணம்.

வேலையற்றோர் உதவித்தொகை எல்லோருக்கும் ஒரே தொகைதான். சட்டம் அவர்களை வேறாக நடத்தியது உண்மை, ஆனால் கூடுதலாகக் கொடுப்பதில் அல்ல, மறுப்பதில்தான். 1908இல் வந்த முதியோர் ஓய்வூதியத்தில் அவர்களுக்கு இடமில்லை. நாடோடிகள் என்று வகைப்படுத்தி உதவித்தொகையை மறுக்கும் விதி 1966 வரை இருந்தது.

நம்பிக்கை: சும்மா கொடுக்கும் பணத்தை வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கவே விரும்புகிறார்கள்.

எனக்கு மிகவும் வலிக்கிற பேச்சு இது. சும்மா வரும் பணம் எங்கள் பிள்ளைகளைக் கெடுக்கும் என்று முதலில் கவலைப்பட்டவர்கள் பூர்வகுடி ஊர்ப் பெரியவர்களே. 1977இல் தொடங்கிய சமுதாய வளர்ச்சி வேலைத்திட்டம் அந்தக் கவலையைக் கேட்டுப் பிறந்தது. ஆளுக்கு ஆள் போகவேண்டிய உதவித்தொகையை மொத்தமாக ஊர் அமைப்பிடம் கொடுத்தார்கள். ஊரே வேலையைத் தீர்மானித்துச் சம்பளமாகப் பிரித்தது. வேலைக்கு வராத நாளுக்குச் சம்பளமில்லை. கூடுதல் வேலை செய்தால் கூடுதல் வருமானம். தெருவைச் சுத்தமாக்குவது, வீடு பழுதுபார்ப்பது, முதியவர்களுக்குச் சாப்பாடு, ஓவியக் கூடம், காட்டுக் காவல் எல்லாம் அதில் நடந்தன. ஒரு கட்டத்தில் 30,000க்கும் மேற்பட்டவர்கள் அதில் இருந்தார்கள். குறை இல்லாமல் இல்லை. அரசு முழுச் சம்பளத்தில் ஆள் போடவேண்டிய பள்ளி உதவியாளர், சுகாதார வேலைகளைக்கூட இந்தக் குறைந்த காசில் ஓட்டினார்கள். அதைச் சரிசெய்வதை விட்டுவிட்டு, 2007க்குப் பிறகு திட்டத்தையே படிப்படியாக மூடினார்கள்.

2015இல் வந்த மாற்றுத் திட்டம் நேர்மாறாக இருந்தது. வாரம் 25 மணி நேரம், ஐந்து நாளும், ஆண்டு முழுவதும் என்று சொல்லக்கூடிய அளவுக்கு வேலை. கையில் வந்தது அதே உதவித்தொகை. நகரத்தில் இருந்தவருக்கு ஆண்டில் ஆறு மாதம் செய்தால் போதுமானதாக இருந்தது. ஒரு நாள் வராவிட்டால் பணம் வெட்டப்பட்டது. விளக்கம் சொல்ல, உதவித்தொகை வழங்கும் அரசு அலுவலகமான சென்டர்லிங்க்கைத் தொலைபேசியில் பிடிக்க வேண்டியிருந்தது. ஊர்ப் பொதுத் தொலைபேசியில், பின்னால் வரிசை நிற்க, வீட்டில் பேசாத ஆங்கிலத்தில், முகம் தெரியாத அதிகாரியிடம் உடம்புக்கு முடியாமல் போனதையும் ஊரில் விழுந்த சாவையும் நிரூபிக்க வேண்டியிருந்தது. 2015 ஜூலை முதல் 2017 மார்ச் வரை இத்திட்டத்தில் விதித்த தண்டனைகள் ஏறத்தாழ 3 லட்சம். நகரங்களுக்கான திட்டத்தில் அதே காலத்தில் சுமார் 2.37 லட்சம். நகரத் திட்டத்தில் இருந்தவர்களோ இதில் இருந்தவர்களைப்போல் இருபது மடங்குக்கும் மேல்! மேற்கு ஆஸ்திரேலியாவின் ஙான்யாஜரா மக்கள் இது இனப் பாகுபாடு என்று வழக்குப் போட்டார்கள். 2021இல் அது 20 லட்சம் டாலர் சமரசத்தில் முடிந்தது.

நம்பிக்கை: அட்டையில் போட்டால் குடி ஒழியும்.

2016இல் தென் ஆஸ்திரேலியாவின் செடூனா ஊரில் தொடங்கி, உதவித்தொகையில் 80 விழுக்காட்டை மது வாங்க முடியாத அட்டையில் போட்டார்கள். உள்ளூர்த் தலைவர்கள் சிலரும் ஆதரித்தார்கள். குடியால் சிதைந்த குடும்பங்களைப் பார்த்தவர்களின் ஆதரவு அது, மதிக்க வேண்டியது. ஆனால் 2018இல் தேசியத் தணிக்கை அலுவலகம் ஆராய்ந்தபோது, பாதிப்பு குறைந்ததா என்று சொல்லும் அளவுக்கு அரசிடம் தரவே இல்லை என்று தெரிந்தது. 2023இல் அந்த அட்டை போனது. மிச்சச் சில்லறையில் பழைய கார், பள்ளிச் சுற்றுலா, சந்தைக் காய்கறி வாங்க முடியாமல் தவித்தவர்களின் ஆண்டுகளை யாரும் திருப்பித் தரவில்லை.

நம்பிக்கை: வேலை வேண்டுமென்றால் நகரத்துக்கு வரட்டுமே.

ஙான்யாஜரா மக்களின் வார்பர்ட்டன் ஊரிலிருந்து கல்கூர்லி நகரத்துக்கு 900 கிலோமீட்டருக்கும் மேல், அதில் நெடுந்தூரம் மண்சாலை. அங்கே போனால் வாடகைக்கு வீடு கிடைப்பதே அரிது. அதைவிட, அவர்களால் மட்டுமே செய்யக்கூடிய வேலை சொந்த மண்ணில் இருக்கிறது. வட ஆஸ்திரேலியாவின் மேற்கு ஆர்னம் நிலத்தில் மழைக்காலம் முடிந்து புல் பாதி பச்சையாக இருக்கும்போதே பூர்வகுடிக் காட்டுக் காவலர்கள் அங்கங்கே சிறு தீ வைக்கிறார்கள். இரவில் பனி இறங்க அது தானே அணைந்துவிடும். வறண்ட பருவத்தின் கடைசியில் பெருந்தீ மூண்டால் எரிய அந்தத் திட்டுகளில் புல் இருக்காது. குறையும் பசுமைஇல்ல வாயுவுக்கு ஈடாக டார்வினில் எரிவாயு ஆலை நடத்திய நிறுவனம் 2006 முதல் ஆண்டுக்குச் சுமார் 10 லட்சம் டாலர் தர ஒப்பந்தம் போட்டது. இந்த வேலைக்கு ஆள் தட்டுப்பாடு கிடையாது, பணியிடம்தான் தட்டுப்பாடு.

2024இல் அரசு இந்தத் தொலைதூர ஊர்களுக்கு விடுப்பும் ஓய்வூதியச் சேமிப்பும் உள்ள உண்மையான சம்பள வேலைகளை அறிவித்தது. மூன்றாண்டில் 3,000. 2015இல் வந்த திட்டத்தின் பட்டியலிலோ அப்போது பல்லாயிரம் பேர் இருந்தார்கள்.